கடைமடைக் கண்

"லென்ஸ் வச்சாச்சு, சொட்டு மருந்தும் விட்டு முடிச்சாச்சு. ஆனா எதிர்ல நிக்கிற ஆளு மூஞ்சி மட்டும் தெரிய மாட்டேங்குது." புரை ஆபரேஷன் முடிந்து சில வாரங்களான முதியவர்களில் சிலர் இப்படிக் குறைப்படுவதுண்டு. தரையில் கிடக்கும் செருப்பு தெரிகிறது, வாசலில் நிழலாடுவது தெரிகிறது. நேர்ப்பார்வை விழும் இடத்தில் மட்டும் ஒரு மங்கல். கதவு நிலை வளைந்து நிற்கிறது. பஸ் போர்டில் நடு எழுத்தைக் காணவில்லை. ஆபரேஷன் சரியில்லை என்று வீட்டார் கண் முகாமைத் திட்டுவார்கள். உப்புக்காற்று கண்ணை அரித்துவிட்டது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். உப்புக்காற்றும் குற்றவாளி இல்லை, பெரும்பாலும் ஆபரேஷனும் இல்லை. புரையின் மறைவில் இருந்த இன்னொரு நோய், புரை போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

வயது சார்ந்த மாகுலா சிதைவு என்பது அதன் பெயர். விழித்திரையின் நடுவில் அரை சென்டிமீட்டர் அகலமே உள்ள இடம் மாகுலா. எழுத்துக் கூட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, மீனில் முள் பிரிப்பது, பேரப்பிள்ளை சிரிக்கிறதா அழுகிறதா என்று பார்ப்பது, எல்லாம் அந்த இடத்தின் வேலை. புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கலாம். மாகுலாவில் ஒளியை வாங்கும் செல்கள் இறந்துபோனால் அவற்றுக்கு மாற்று இல்லை.

இதைக் கண்ணோடு நிற்கும் நோயாக, வயதின் வினையாக விட்டுவிடுவது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் இந்தக் கட்டுரைக்கு வழக்கு. மாகுலா சிதைவு கண்ட முதியவரின் இதயத்தையும் கழுத்துத் தமனியையும் பிரஷரையும் யாரும் பார்க்காமல் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவது பாதி வைத்தியம். புதுச்சேரியின் காரைக்கால் மாதிரி ஒரு சின்ன மாவட்டம் நினைத்தால் மீதிப் பாதியையும் செய்துவிட முடியும்.

ரத்தம் கண்ணுக்குப் போகும் வழியை முதலில் பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து கழுத்துத் தமனி. அது மண்டைக்குள் நுழைந்ததும் பிரிந்து போகும் முதல் பெரிய கிளை கண் தமனி. அதிலிருந்து பிரியும் சின்னஞ்சிறு தமனிகள் கண்ணின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு போய், விழித்திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய் அடுக்கை நிரப்புகின்றன. எடைக்கு எடை கணக்கிட்டால் உடம்பில் மிக அதிகமாக ரத்தம் பாயும் திசுக்களில் இதுவும் ஒன்று. மாகுலாவின் நட்டநடுவில் வேறு ரத்தக்குழாயே கிடையாது. ஒளி தடையின்றி விழ வேண்டும் என்பதற்காக இயற்கை அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது. ஆக, அங்குள்ள செல்களுக்குச் சோறு போடுவது பின்னால் உள்ள கோராய்டு மட்டுமே.

பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய சோகன் சிங் ஹேரே இந்தச் சிறு தமனிகளைத் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு பகுதிக்கு மட்டுமே ரத்தம் கொடுக்கிறது, அடுத்த பகுதிக்கு உதவிக்குப் போவதில்லை என்று அவர் காட்டினார். இந்தப் பகுதிகளின் எல்லைகள் பலவும் வந்து சந்திக்கும் இடம் மாகுலாவின் பின்புறம். காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டிஎம்சி தண்ணீர் இந்த மண்ணுக்கானதுதான். ஆனால் மேட்டூரில் மதகு திறந்து, கல்லணை தாண்டி, வழியெல்லாம் பாய்ந்தது போக மிச்சம்தான் அரசலாற்றிலும் நூலாற்றிலும் வந்து சேரும். மேலே வரத்து குறைந்தால் முதலில் வெடிப்பது திருநள்ளாறு, நெடுங்காடு வயல்கள். கண்ணில் மாகுலா ஒரு கடைமடை.

வயதானால் கோராய்டின் நுண்குழாய்கள் மெலிகின்றன. அதற்கும் விழித்திரைக்கும் இடையே உள்ள மெல்லிய சவ்வில் கொழுப்பும் புரதமும் சேர்ந்த கழிவு படிகிறது. மருத்துவர் கருவிழியை விரித்துப் பார்க்கும்போது மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும் இவற்றுக்கு டுரூசன் என்று பெயர். இதயத் தமனிச் சுவரில் படியும் கொழுப்பும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் வயது, புகை, கொழுப்பு, அழற்சி என்று இரண்டுக்கும் பொதுவான காரணிகள் பல உண்டு. நோய் இந்த நிலையில் மெல்லப் போனால் உலர் வகை. சிலருக்கு வேறொன்று நடக்கிறது. பட்டினி கிடக்கும் திசு, ரத்தம் வேண்டும் என்று கேட்டு வேதிச் சமிக்ஞை அனுப்புகிறது. வி.இ.ஜி.எஃப். என்ற அந்தப் புரதத்தின் அழைப்பை ஏற்றுப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவசரத்தில் முளைத்த குழாய்கள். சுவர் உறுதி இல்லாதவை. கசிகின்றன, வெடிக்கின்றன, மாகுலாவுக்கு அடியில் ரத்தமும் நீரும் தேங்குகின்றன. இது ஈர வகை. சில வாரங்களில் நடுப்பார்வையைப் பறித்துவிடும். இதைக் கண் நோய் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எப்படிச் சரியாகும்?

கண்ணுக்கும் மற்ற ரத்தக்குழாய்களுக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் நெடுநாளாகத் துரத்திவருகிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1995-இலேயே, கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு உள்ளவர்களிடம் மாகுலா சிதைவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அமெரிக்காவில் நடு வயதினர் பத்தாயிரத்துச் சொச்சம் பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தொடக்கநிலை மாகுலா சிதைவு இருந்தவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வந்தது. இல்லாதவர்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கு. 2022-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் கண் மருத்துவமனையின் தியடோர் ஸ்மித் குழு 200 நோயாளிகளை ஆராய்ந்து இன்னும் ஒரு படி போனது. விழித்திரைக்கு அடியில், வழக்கமான டுரூசனுக்கு மேலடுக்கில் படியும் ஒரு தனி வகைப் படிவு உண்டு. இதயம் பழுதானவர்கள், வால்வு நோய் முற்றியவர்கள், கழுத்துத் தமனி அடைப்பால் பக்கவாதம் கண்டவர்கள் ஆகியோரில் பெரும்பாலோரிடம் அந்தப் படிவு இருந்தது. இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளாதபோது கோராய்டு காய்கிறது, படிவு அதனால் வருகிறது என்பது அவர்களின் விளக்கம். இந்தப் படிவைச் சாதாரணப் புகைப்படத்தில் பிடிப்பது கடினம், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கண் மங்கினால் மாரடைப்பு வரும் என்று வாட்ஸப்பில் எவரும் அனுப்பிவிடக் கூடாது. உறவு இருக்கிறது என்பது வேறு, ஒன்றால் இன்னொன்று வருகிறது என்பது வேறு. சில ஆய்வுகளில் இந்த உறவு பலமாகத் தெரிகிறது, சிலவற்றில் மங்குகிறது. மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது 2005-இல் துலங்கியது. உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றம் ஆபத்தைக் கூட்டுகிறது. பிரஷரைக் குறைத்தால் மாகுலா சிதைவு நிற்கும் என்று இன்றுவரை எந்தப் பெரிய சோதனையும் நிறுவவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் எதற்காக இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்? நம் ஊர் முதியவர்கள் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைக் கவனித்ததால். நெஞ்சு கனத்தால் வாய்வு என்று ஓமம் மெல்லும் பாட்டி, கண் தெரியவில்லை என்றால் மட்டும் முகாமுக்கு வருவார். புரை முகாம் நம் நாட்டில் வேரூன்றிய ஒன்று. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை என்றால் பயப்படாமல் வேன் ஏறும் பழக்கம் அரை நூற்றாண்டில் டெல்டா கிராமங்களுக்கு வந்துவிட்டது. சர்க்கரை, பிரஷர், இதய நோய்களுக்கான தேசியத் திட்டம் பிறந்தது 2010-இல்தான். இரண்டும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடுகின்றன. தனிப் பதிவேடு, தனிச் சீட்டு, தனி வரிசை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். கூடுதலாக இருந்தால் "குறைஞ்சதும் வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெரியவர் பத்து நாள் மாத்திரை போடுகிறார், பிரஷர் இறங்குகிறது, ஆபரேஷன் நடக்கிறது. கண் திறந்ததும் மாத்திரையும் நின்றுபோகிறது. கண்ணுக்காகத்தானே போட்டோம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்த ஒருவரும் இல்லை. ஓர் உயிர்கொல்லி நோயை அரசுச் செலவில் கண்டுபிடித்து, அரசுச் சீட்டிலேயே எழுதி, அந்தச் சீட்டை நாமே கசக்கி எறிகிறோம்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இந்த அலட்சியம் கூடுதலாகக் கசக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு: 26.3 விழுக்காடு. நாட்டின் சராசரி 11.4. பிரஷரோ நாட்டளவிலேயே 35.5 விழுக்காடு. சர்க்கரை விழித்திரையைத் தனியாகவும் அரிக்கும். கருவிழியை விரித்து ஒரே ஒருமுறை பார்த்தால் சர்க்கரையின் சேதம், மாகுலாவின் படிவு, பிரஷரால் இறுகிய தமனி எல்லாம் ஒருசேரத் தெரியும். உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்கக்கூடிய இடம் கண் ஒன்றுதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணுள் நோக்கும் கருவியைச் செய்த நாளிலிருந்து இந்தச் சலுகை மருத்துவத்துக்கு இருக்கிறது.

மாகுலா சிதைவு வெள்ளைக்காரர் நோய், நமக்கு அபூர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. அதைக் கலைத்த ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. அரவிந்த் மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆகியவை சேர்ந்து புதுச்சேரிப் பகுதியிலும் தில்லியை ஒட்டிய குருகிராம் பகுதியிலும் அறுபது வயது கடந்தவர்களைச் சோதித்த 'இண்டை' ஆய்வு அது. அதன் முடிவு 2010-இல் வந்தது: முற்றிய மாகுலா சிதைவு 1.2 விழுக்காட்டினருக்கு, தொடக்க அறிகுறிகள் அதைவிடப் பல மடங்கு பேருக்கு. நூற்றுக்கு ஒருவர் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆயுள் நீளும் சமூகத்தில் அந்த எண் ஏறத்தான் செய்யும்.

புகையிலைக்கு இங்கே தனி இடம் தர வேண்டும். மாகுலா சிதைவுக்கான காரணிகளில் நம் கையில் உள்ளது எது என்று கேட்டால், உலகெங்கும் முதல் விடை புகைதான். புகைப்பவருக்கு ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடுகிறது. ஆந்திராவில் 2005-இல் வெளியான கண் ஆய்வில் சுருட்டுப் பழக்கம் மாகுலா சிதைவோடு சேர்ந்தே தெரிந்தது. நெஞ்சுக்குக் கெடுதல் என்றால் "எங்க தாத்தா தொண்ணூறு வரைக்கும் பீடி குடிச்சார்" என்பவர்கள், கண் போய்விடும் என்றால் ஒரு கணம் கையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சாவைவிடப் பிறர் கையைப் பிடித்து நடப்பதற்கு நம் ஆட்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். சுகாதாரத் துறை இந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாஞ்சூர் எல்லையில் மதுக்கடைப் பலகைகளுக்கு இருக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த எச்சரிக்கைக்குக் கிடைத்தாலும் போதும். மதுவும் பிரஷரை ஏற்றும் என்பதை அந்த விளக்குகளுக்குக் கீழே யார் சொல்வது?

சாப்பாட்டில் காரைக்காலுக்குக் குறையில்லை, பழக்கத்தில்தான் சிக்கல். மீனும் கீரையும் பழமும் மிகுந்த உணவு உண்போரிடம் முற்றிய மாகுலா சிதைவு குறைவு என்று பிரான்சின் போர்தோ, நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கரையேறும் மத்திக்கும் நெத்திலிக்கும் இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? அதே நெத்திலி கருவாடானால் உப்பு மூட்டை. பிரஷர்காரர் தினமும் தொடக்கூடாதது. மீன் எண்ணெய் மாத்திரைக்கு மீனின் பலன் இல்லை என்பதும் 2013-இல் அமெரிக்காவின் பெரிய சோதனையில் தெரிந்துவிட்டது. 'இண்டை' ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: தெற்கில் சோதித்த முதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைட்டமின் சி பற்றாக்குறை. கொய்யாவும் நெல்லிக்காயும் விளையும் மண்ணில் இது வெட்கக்கேடு. பல் போனபின் கொய்யாவைக் கடிக்க முடியாது என்றால் நறுக்கி, விதை நீக்கிக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும். பிள்ளைகள் பாரிசிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில் அந்த ஆள்தான் இல்லை.

பாரிஸ் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரான்சில் உறவில்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு வருகிறவர்கள் அப்பாவுக்கென்று கண் சத்து மாத்திரை டப்பா கொண்டுவருகிறார்கள். அன்பு சரி, டப்பாவின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் சேர்ந்த குறிப்பிட்ட கலவை, நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்தை ஏறத்தாழக் கால் பங்கு குறைத்தது என்று 2001-இல் நிறுவப்பட்டது உண்மை. நோய் வராதவர்களுக்கு அது வரும் முன் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. முதல் கலவையில் இருந்த பீட்டா கரோட்டின், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் பிறகு அதற்குப் பதில் லூட்டினும் சியாசாந்தினும் சேர்த்தார்கள். பீடி குடிக்கும் அப்பாவுக்குப் பழைய கலவையைக் கொடுப்பது அன்பால் செய்யும் ஆபத்து.

இனி, என்ன செய்யலாம் என்பது. காரைக்கால் மாவட்டம் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கில் இரண்டு லட்சம் பேர். தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, கிழக்கே கடல். வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் பிரஷர் மாத்திரையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் அந்தத் திட்டம் செல்லாது. இங்கே உத்தரவு புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். தனித்தீவாக இருப்பதன் நஷ்டம் இது. லாபமும் உண்டு. ஓர் அரசுப் பொதுமருத்துவமனை, ஒரு ஜிப்மர் கிளை, கைவிரல் மடக்கி எண்ணக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையங்கள். கண் மருத்துவரும் பொது மருத்துவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுள்ள ஊர். பெரிய மாநிலத்தில் ஆண்டுக்கணக்கில் கோப்பு நகரும் காரியத்தை இங்கே ஒரு கூட்டத்தில் முடிக்கலாம்.

கண் ஓபியில் மாகுலா சிதைவு என்று எழுதிய சீட்டோடு பிரஷர், சுகர், கொழுப்பு, ஈசிஜி பார்க்கும் பரிந்துரையும் அன்றைக்கே போக வேண்டும். 'பிறகு வாருங்கள்' என்றால் வரமாட்டார்கள். புரை ஆபரேஷனுக்கு முன் பிரஷர் கூடியிருந்தவர் பெயர், ஆபரேஷன் முடிந்ததும் அவர் ஊர் சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். எதிர்த் திசையில், பிரஷர் மாத்திரை வாங்க மாதாமாதம் வரும் அறுபது கடந்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு அனுப்ப வேண்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு தாளை ஒட்டி, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னால் போதும். கோடு வளைந்தால் அன்றே கண் மருத்துவர். சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் 1940-களில் பரப்பிய இந்தத் தாளுக்கு அச்சுக்கூலி தவிரச் செலவில்லை.

ஈர வகைக்கு மருத்துவம் கண்ணுக்குள் போடும் ஊசி. முளைக்கும் குழாயை அடக்கும் இந்த மருந்துகள் 2006 வாக்கில் வந்தபிறகுதான் இந்நோயில் பார்வையைக் காப்பது பரவலாகச் சாத்தியமானது. புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துப் போட்டாலும் விலையுயர்ந்த மருந்துக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 2011-இல் அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்த ஒப்பீடு காட்டியது; ஏழை நோயாளிகளுக்கு அது பெரிய வரம். ஊசி போடும் முன், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா என்று மருத்துவர் கேட்பார். ஊசி கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்கிறவர்கள் உண்டு, மறைக்கக் கூடாது.

ஊசி ஒன்றோடு முடிவதில்லை. முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று, பிறகும் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கண் கட்டோடு திரும்பும் பெரியவருக்குத் துணையாள் ஒருவர். அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. மூன்றாவது ஊசியில் பார்வை கொஞ்சம் தெளிந்ததும் "போதும்ப்பா, அலைய முடியலை" என்று நின்றுவிடுகிறார்கள். சில மாதங்களில் கசிவு திரும்புகிறது, அப்போது வந்து காட்டினால் தழும்பு கட்டியிருக்கும். காரைக்காலிலேயே மாதத்தில் குறித்த கிழமையில், ஓசிடி ஸ்கேனும் ஊசியும் ஒரே காலையில் முடியும்படி, விழித்திரை மருத்துவர் உட்காரும் நாள் ஒன்று தவறாமல் நடக்க வேண்டும். அன்று காலை அந்த வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரின் கையிலும் பிரஷர் பட்டை கட்டிப் பார்க்க ஒரு செவிலியர் கூடுதலாக வேண்டும். புதுச்சேரி சுகாதாரத் துறை போட வேண்டிய உத்தரவு இந்த அளவுதான்.